காசிக்குச் சொல்லிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

அக்கா,

உங்கள் டிரங்குப் பெட்டியை இன்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் திறந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கருவாட்டு வாடை போகவில்லை. பூண்டுலோயா டவுனில் முஸ்லிம் நானாவின் கடையில் கருவாட்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டி அது. காசிக்குப் போகிற பெட்டியில் கருவாட்டு நாற்றமா என்று வாங்கி வந்த அன்றே மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்கள். சாம்பல் போட்டுத் தேய்த்தீர்கள். மூன்று நாள் லயத்துத் தகரக் கூரையில் ஏற்றிக் காயவைத்தீர்கள். தோட்டத்துப் பூனைகள் எல்லாம் அந்த மூன்று நாளும் நம் கூரையில்தான் குடியிருந்தன. இன்றைக்கு மூடியைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏற, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அடுத்த வாரம் நான் காசிக்குப் போகிறேன். அதற்குத்தான் பெட்டியைத் தேடினேன். வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சக்கரம் வைத்த பெட்டி வாங்கியாயிற்றாம், இந்தத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு விமானத்தில் ஏற முடியாதாம். சரி, ஏற வேண்டாம். ஆனால் உங்களிடம் சொல்லாமல் நான் மட்டும் எப்படிக் காசிக்குப் போவது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலிலிருந்து எழுதினால்தான் என் மனசு ஆறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த லயத்து வரிசை அறைகளில் நம் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். நீங்கள் இருமினால் நான் அடுப்பில் மல்லித் தண்ணி வைப்பேன். நீங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தீர்கள். நான் பிள்ளைக் காம்பராவில், கொழுந்துக்குப் போகிற தாய்மார் விட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். உங்களைவிட எட்டு வயது சின்னவள். ஆனாலும் தோட்டம் முழுக்கக் கூப்பிடுவதைப் போல நீங்களும் என்னை ஆயம்மா என்றுதான் கூப்பிட்டீர்கள், அதிலும் ஒரு கேலி இருக்கும். அஞ்சாம் வகுப்பு வரை படித்திருந்ததால் லயத்துக்கே கடிதம் எழுதிக் கொடுப்பவள் நான். நீங்களோ இதே தோட்டத்தில் பிறந்து, இதே மலையில் கொழுந்து எடுத்து, இந்தியாவை ஒரு நாளும் கண்ணால் பார்க்காதவர். உங்கள் வீட்டுக்காரர் மழையில் மண் சரிந்து போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே மகளை டயகமப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தீர்கள்.

காசிப் பேச்சு தொடங்கியதே அந்த மகளால்தான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. இரண்டாவது தடவை டயகமவிலிருந்து திரும்பி வந்த நீங்கள், நனைந்த கம்பளியைக்கூட எடுக்காமல் என் அடுப்பங்கரையில் உட்கார்ந்தீர்கள்.

"எங்கம்மா சொன்னது சரியாத்தான் போச்சு புள்ள," என்றீர்கள்.

உங்கள் அம்மாவின் குறை எனக்கும் மனப்பாடம். அவரைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருவர் ஊரிலிருந்து கூட்டிவந்தபோது, மண்டபம் கேம்பில் அடைத்துவைத்து, மருந்தடித்து, ரயிலில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். ராமேஸ்வரம் கோபுரம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று யாரோ கையைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று உங்கள் அம்மா கெஞ்சியிருக்கிறார். கங்காணி விடவில்லை. இந்தப் பக்கம் இலங்கைக்கு வந்து நாலு பிள்ளைகளைப் புதைத்தார். சேதுவில் முங்காமல் கடல் தாண்டியதால்தான் வயிறு இப்படி ஆயிற்று என்று சாகிற வரைக்கும் சொன்னாராம். தப்பித்தது நீங்கள் ஒருத்திதான்.

மகளுக்கு இரத்தம் பத்தாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். நீங்கள் என்னை முறைக்கவில்லை. "டாக்டரு சொன்னதையும் செய்வோம், இதையும் செய்வோம். எது கேக்குதோ கேக்கட்டும்," என்றீர்கள். உங்கள் புத்தி அப்படித்தான். கடவுளையும் டிஸ்பென்சரியையும் சண்டை மூட்டிவிட உங்களுக்குத் தெரியாது.

டவுன் கோயில் பண்டாரம் முன்பே ஒரு தடவை காசிக்குப் போய் வந்தவர். அவர் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு பங்குனியில் புறப்படுவதாக இருந்தார். அவரிடம் போய் விவரம் கேட்டோம். சேதுவில் முங்கினால் மட்டும் போதாது என்றார். ராமேஸ்வரத்து மணலை முடிந்து எடுத்துக்கொண்டு, மூன்று ஆறு கூடும் பிரயாகையில் கரைத்து, காசியில் முழுகி, அங்கிருந்து கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து ராமேஸ்வரத்துச் சாமிக்கு ஊற்றினால்தான் யாத்திரை முடியுமாம். நீங்கள், "எட்டோட நான் ஒம்பது," என்றீர்கள்.

அந்த ஆறு மாசம்தான் நம் வாழ்க்கையிலேயே சந்தோஷமான ஆறு மாசம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. காசியில் இருக்கும் தமிழ்ச் சத்திரம் ஒன்றுக்கு நான் கடிதம் எழுதினேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க கம்பளி தருவாங்களான்னு கேளு, சோறு பொங்க வெறகு உண்டான்னு கேளு," என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னதில் கடிதம் நாலு பக்கம் ஆனது. ஒன்றரை மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. இடம் உண்டு, குளிர் உண்டு, பாத்திரம் கொண்டுவரவும் என்று மூன்றே வரி. நாலு பக்கத்துக்கு மூன்று வரியா என்று உங்களுக்குக் கோபம். ஆனாலும் அந்தக் கார்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மலைக்குப் போனீர்கள், வேர்வையில் எழுத்தெல்லாம் அழிந்து போனது.

பிள்ளைக் காம்பராவின் பின்சுவரில் கரித்துண்டால் நான் வழி வரைந்து வைத்தேன். ஹட்டன், தலைமன்னார், கப்பல், தனுஷ்கோடி, ராமேஸ்வரம், மதுரை, திருச்சி, சென்னை, அப்புறம் நீண்ட ரயில், பிரயாகை, காசி. மத்தியானம் கொழுந்தை எடை போட்ட பிறகு, பால் கொடுக்க வருகிற பெண்களோடு நீங்களும் வந்து சுவரைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு ஊரையும் விரலால் தொட்டுக்கொண்டே போவீர்கள். திருச்சியில் விரல் கொஞ்சம் நிற்கும், உங்கள் அப்பாவின் ஊர் அந்தப் பக்கம் என்பதால். பிறகு, "அங்க யாரு இருக்கா நமக்கு," என்று சொல்லிவிட்டு நகரும்.

காசியில் நமக்குப் பிடித்த ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை விட்டுவிட்டு வரவேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது என்று பண்டாரம் சொன்னதும் மலையில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. போகாதவர்கள்கூட எதை விடலாம் என்று யோசித்தார்கள். ஒருத்தி பாகற்காயை விடு என்றாள். "புடிக்காதத விட்டா சாமி கணக்குல எடுக்காதுடி," என்றீர்கள். பூசணியை விடுவதாக முடிவெடுத்தீர்கள், பேரிக்காயை விடுவதாகவும் முடிவெடுத்தீர்கள். இலைதான் இழுபறி. "கொழுந்தும் எலதானே, தேயிலைய விட்டுட்டு வந்து நிக்கவா? தொர என்ன செய்வாரு?" என்று நீங்கள் கேட்டபோது வரிசை வரிசையாகச் சிரித்த சத்தம் கீழே பிள்ளைக் காம்பரா வரைக்கும் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள் என்று நான்தான் உங்களை ஏசினேன்.

மாசி மாதம் டயகமவிலிருந்து செய்தி வந்தது. மகள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள், மூன்றாம் மாதம். நீங்கள் பரபரத்துவிட்டீர்கள். பங்குனியில் போய் சேதுவிலும் கங்கையிலும் முழுகிவிட்டு வைகாசிக்குள் திரும்பிவிடலாம், ஏழாம் மாதம் மகளை அழைத்துவந்து பிரசவத்தை உங்கள் காம்பராவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று விரல் விட்டு எண்ணினீர்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். அந்தப் பத்தடிக் காம்பராதான் அவளுக்குத் தாய் வீடு.

இனிமேல்தான் என் பங்கு வருகிறது. எழுதக் கை கூசுகிறது, எழுதுகிறேன்.

எனக்குப் பொறாமை அக்கா. கைக்குழந்தை, குடிகாரப் புருஷன், பிள்ளைக் காம்பரா வேலை, நான் எங்கே போவது? சுவரில் வழி வரைந்தது நான், கடிதம் எழுதியது நான், போகிறது நீங்கள். அந்த யாத்திரையில் என் கையும் இருக்கவேண்டும் என்று ஒரு ஆசை. அதனால் பெரிய மனுஷி மாதிரி ஒன்று சொன்னேன்.

"காசிக்குப் போறவங்க சும்மா போகக்கூடாது அக்கா. முறையா எல்லாருக்கிட்டயும் சொல்லிக்கணும், மன்னிப்புக் கேட்டுக்கணும். இருக்கிறத நாலு பேருக்குக் குடுத்துட்டுப் போகணும். எங்கப்பா சொல்லியிருக்காரு."

"திரும்பி வரப்போறவதானே நானு?"

"வருவீங்க. ஆனா அப்படிப் போனாத்தான் பலன்."

நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். பலன் என்ற சொல்லைக் கேட்டதும் மகள் ஞாபகம் வந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அணு அணுவாக ஞாபகம் இருக்கிறது. காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மேல் லயத்திலிருந்து தொடங்கினீர்கள். ஒவ்வொரு வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலும் நின்று, "நான் ஏதும் தப்பாப் பேசியிருந்தா மனசுல வைக்காதீங்க, காசிக்குப் போறேன்," என்று கைகூப்பினீர்கள். எப்போதோ பீலிக் குழாய்த் தண்ணீருக்காகச் சண்டை போட்டு ஏழு வருஷம் பேசாமல் இருந்த கருப்பாயி அத்தை உங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். ஆட்டைக் கடைசிக் காம்பராக்காரருக்குக் கொடுத்தீர்கள். கோழிகளை மூன்று வீட்டுக்குப் பிரித்தீர்கள். பித்தளைக் குடத்தை எனக்குக் கொடுத்தீர்கள். கடைசியில் கொழுந்துக் கூடையை, கயிறும் தலைச்சும்மாடுமாக, உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் கையில் கொடுத்தீர்கள். அவள் அந்த மாதம்தான் கொழுந்துக்குப் பேர் பதிந்திருந்தாள்.

கூடையைக் கொடுத்தபோது கணக்கப்பிள்ளை அந்த வழியாகப் போனார். நின்று பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். அந்த வருஷங்களில் லயத்துக்கு லயம் குடும்பங்கள் இந்தியாவுக்கே போய்க்கொண்டிருந்தன. நிரந்தரமாகப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? வீடு வீடாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆடு கோழியைக் கொடுப்பார்கள். கூடையைக் கொடுப்பார்கள். கூடையைக் கொடுத்துவிட்ட பெண் இனி மலை ஏறமாட்டாள் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் இரண்டு பேருக்கும் மட்டும் அன்றைக்கு அது தோன்றவில்லை. நமக்குக் காசி மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

போய்த் திரும்புவதற்குத் தோட்டத்து ஆபீசின் கடிதம் வேண்டும். நம் ஆட்களிடம் எந்த நாட்டுப் பிரஜை என்று சொல்ல ஒரு சீட்டும் இல்லாத காலம். இவர் எங்கள் ஆள், இத்தனை நாளில் வேலைக்குத் திரும்புவார் என்று ஆபீஸ் எழுதிக் கொடுத்தால்தான் மற்றக் காகிதங்கள் கிடைக்கும், திரும்பி வரும்போது உள்ளே விடுவார்கள். நீங்கள் கணக்கப்பிள்ளையிடம் கேட்டிருந்தீர்கள். வியாழக்கிழமை கிளாக்கர் ஐயா டைப் அடித்த கடிதத்தைக் கொடுத்தார். இங்கிலீஷில் ஒரு பக்கம், கீழே தோட்டத்துத் தொரையின் கையெழுத்து. எனக்குத் தமிழ்தான் தெரியும், நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்து அழகாக இருக்கிறது என்று சொன்னேன். முந்தானையில் முடிந்து நாலு நாள் வைத்திருந்தீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் பிடிக்க டவுனுக்குப் போனோம். ஸ்டூடியோவில் உங்களைச் சிரிக்காதே என்றதும் உங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் மூன்று தடவை பிடித்தார்கள். வருகிற வழியில் நானா கடையில் பெட்டிக்குப் பூட்டு வாங்க நின்றோம். நானா மக்காவுக்குப் போய் வந்தவர், நாலு எழுத்து இங்கிலீஷும் வாசிப்பார். பெருமைக்காகக் கடிதத்தை எடுத்து நீட்டினீர்கள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"தங்கச்சி, நீங்க திரும்பி வாறதானே?"

"வைகாசிக்குள்ள வந்துருவேன் நானா."

"இதுல அப்படி இல்லயே. தோட்டத்த விட்டு ஒரேயடியா இந்தியாவுக்குப் போறாங்க, பேர் வெட்டியாச்சு, காம்பராவத் திருப்பி எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கு. இது பத்துச்சீட்டு மாதிரி."

வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற சீட்டு அது. நீங்கள் அவர் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். நானா எங்களை உட்காரச் சொல்லி, என்ன நடந்தது என்று கேட்டார். சொல்லிக்கொண்டதையும், கொடுத்ததையும் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாங்களும் மக்காவுக்குப் போறதுக்கு முந்தி அப்படித்தான் எல்லார்க்கிட்டயும் மாப்புக் கேக்குற. என்ன செய்ய, எனக்கு இந்தக் கடை இருந்திச்சு. ஒருத்தரும் இத வேற ஆளுக்கு எழுதல்ல."

இந்தக் கடிதத்தோடு தலைமன்னார் தாண்டினால் திரும்பி வரும்போது உங்களை உள்ளே எடுக்கமாட்டார்கள் என்று அவர் பக்குவமாகச் சொன்னார். பூட்டை வாங்காமல் நடந்தோம்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் கிளாக்கர் ஐயாவுக்கும் ஆச்சரியம்தான். "ஆடு கோழியெல்லாம் குடுத்துட்டீங்கன்னு சொன்னாங்களே. அழுது சொல்லிக்கிட்டீங்களாமே. போறவங்களுக்கு அடிக்கிற கடுதாசியத்தான் அடிச்சேன்," என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேர் முந்தின புதன்கிழமையே வெட்டப்பட்டிருந்தது. காம்பராவைப் புதிதாகக் கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு எழுதியிருந்தார்கள். நாளைக்குப் பெரட்டுக்கு வந்து தொரையிடமே சொல்லிப் பாருங்கள் என்றார்.

காலைப் பெரட்டுக்களம், ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம், பிள்ளைக் காம்பராவுக்கு நேர் கீழே. ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டு நான் மேலே நின்றேன். உங்களுக்கு வரிசையில் இடம் இல்லை, ஓரமாக நின்றீர்கள். கணக்கப்பிள்ளை விஷயத்தைச் சொல்ல, தொரை உங்கள் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"நீ இந்தியா போறது, எல்லாம் குடுத்தாச்சு. இப்போ என்ன?"

"காசிக்குத் தொர. கும்புட்டுட்டு வந்துருவேன். வர்றேன்னு ஒரு கடுதாசி குடுங்க."

"போனது ஆள் ஒண்ணும் வரல. கடுதாசி குடுத்து நான் கொழும்புக்குப் பதில் சொல்ல முடியாது. இன்னிக்கு மலைக்குப் போறது, பேர் இருக்கும், காம்பரா இருக்கும். போறது இல்ல, பேர் இல்ல."

அவ்வளவுதான். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டார். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு நகரத் தொடங்கினார்கள். மகளின் வயிற்றுக்காகச் சேதுவில் முழுகவேண்டும். அதற்குப் போனால், அந்தப் பிள்ளை பிறக்கிற காம்பரா இல்லை, நீங்களும் இல்லை. நீங்கள் எத்தனை நேரம் யோசித்தீர்கள்? நாலு பேர் உங்களைக் கடந்து போகிற நேரம். அண்ணன் மகள் கிட்டே வந்ததும் கையை நீட்டினீர்கள்.

"கூடையக் குடு தாயி."

அவள் கழற்றிக் கொடுத்தாள். கட்டியிருந்த நல்ல சேலைக்கு மேலேயே அவளுடைய படங்குச் சாக்கை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு மலை ஏறினீர்கள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. ஒரே சுவர், அதுவும் கூரையைத் தொடாத சுவர். இந்தப் பக்கம் நான் வேண்டுமென்றே இருமினேன், பாத்திரத்தை உருட்டினேன், ஒன்றுக்கும் சத்தம் இல்லை. அதற்கிடையில் லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நீங்கள் கொடுத்ததைத் திருப்பித் தந்தார்கள். ஆடு வந்தது. கோழிகள் வந்தன. ஒரு வீட்டில் கோழியை அடித்துச் சாப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் வெட்கத்தோடு ஒரு சேவலைக் கொண்டுவந்தார்கள், அந்தச் சேவல் பிறகு உங்களை எத்தனை தடவை கொத்தியது என்று எனக்குத்தான் தெரியும். கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் புண்ணியம் போய்விடும் என்று யாரோ சொல்ல, "போகாத காசிக்கு என்னா புண்ணியம், ஆட்டக் கட்டு," என்றீர்கள். குடத்தை நான் உங்கள் வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பிள்ளைக் காம்பராவுக்கு இரண்டு தேங்காய் ரொட்டியோடு வந்தீர்கள். நான் அழுதேன். நான்தான் அக்கா கெடுத்தேன், என் வாயால்தான் என்றேன். இல்லை என்று நீங்கள் சொல்லவில்லை. அதற்காகவே உங்கள் மேல் எனக்கு மதிப்பு. "ஆமா, ஒன் வாயிதான். தின்னு," என்றீர்கள். பிறகு சுவரில் இருந்த கரி வழியைப் பார்த்தபடி சொன்னீர்கள்:

"புள்ள வந்து எறங்க ஒரு காம்பரா வேணும்ல ஆயம்மா. கங்கை எங்கயும் போயிறாது. காம்பரா போயிரும்."

அதோடு எழுந்து போய்விடவில்லை. வாசலில் நின்று திரும்பினீர்கள். "எல்லாரும் காசியில ஏதாச்சும் ஒன்ன விட்டுட்டு வருவாங்க. நான் காசியவே விட்டுட்டேன். எனக்குத்தான் பலன் கூட," என்று சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்தது வாய்தான், கண் சிரிக்கவில்லை. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பண்டாரமும் மற்றவர்களும் போய்விட்டு ஆனியில் வந்தார்கள். வாய் அடைத்த ஒரு சின்னச் செம்பில் உங்களுக்குக் கங்கைத் தண்ணீரும், ஒரு முடிச்சில் சேது மணலும் கொண்டுவந்து தந்தார். நீங்கள் அவற்றைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். மகள் ஏழாம் மாதம் வந்தாள். ஆஸ்பத்திரி மருந்தை வேளை தவறாமல் உங்கள் கையாலேயே கொடுத்தீர்கள். ஆவணியில், மழை விட்ட ஒரு பகல் பொழுதில், உங்கள் காம்பராவில் பெண் பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சியோடு நானும் உள்ளே இருந்தேன். கங்கைத் தண்ணீரை வாயில் விடக்கூடாது என்று மருத்துவிச்சி அதட்டியதும், விரலால் தொட்டு நெற்றியில் மட்டும் ஒரு சொட்டு வைத்தீர்கள். மருந்து கேட்டதா, மணல் கேட்டதா என்று நான் கேட்டேன். "எது கேட்டா ஒனக்கென்னா. புள்ள இருக்கு பாரு," என்றீர்கள்.

பிள்ளைக்குக் கங்கா என்று பேர் வைக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "போகாத எடத்துப் பேர வச்சு என்னயத் தெனமும் கூப்புடச் சொல்றீங்களா," என்று மறுத்து, உங்கள் அம்மாவின் பேரை வைத்தீர்கள். அதற்குப் பிறகு காசியைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. பூசணியும் பேரிக்காயும் ஆசை தீரச் சாப்பிட்டீர்கள்.

பிள்ளைக்கு நாலு வயதாகும்போது நெஞ்சுச் சளி முற்றிப் போய்விட்டீர்கள். கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னயத் தூக்கிக்கிட்டு எங்கயும் அலையாதீங்க. கீழ ஆத்துல விட்டுருங்க," என்றீர்கள். கொஞ்சம் சாம்பலைக் காசிக்கென்று எடுத்துவைக்கப் பண்டாரம் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. பூண்டுலோயா ஆற்றில்தான் கரைத்தோம். அது கொத்மலைப் பக்கம் போய் மகாவலியில் சேருகிறது. அடுத்த வருஷங்களில் இரண்டு நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசி, யார் இங்கே, யார் அங்கே என்று லயம் லயமாகப் பிரித்தார்கள். அதைப் பார்க்காமல் போனீர்களே என்று ஒரு பக்கம் நிம்மதி. அந்தப் பிரிப்பில் நீங்கள் இருந்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும் என்று இன்னொரு பக்கம்.

உங்கள் மகளுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை, அது ஒன்றுதான். மகள் டயகமவுக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டதால், உங்கள் பேத்தியையும் பிள்ளைக் காம்பராவில் நான்தான் வளர்த்தேன். உங்களைப் போலவே வாய். படித்து டீச்சரானாள். என் சொந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனபிறகு, என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்திருப்பவளும் அவள்தான். காசிக்கு என்னைக் கூட்டிப் போகிறவளும் அவளே. ராமேஸ்வரத்துக்கும் போகிறோம். அங்கே உங்கள் அம்மாவின் பேரைச் சொல்லி ஒரு முழுக்கு, உங்கள் பேரைச் சொல்லி ஒரு முழுக்கு. எனக்கு முட்டி வலி, எனக்கென்று மூன்றாவது போட்டு எழுந்திருக்க முடியுமோ என்னவோ. என் வாயால் கெட்டது, நான் முங்கித்தான் தீர்க்கவேண்டும். தீருமா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக அதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து பயணக் காகிதங்களை என் மடியில் வைத்துச் சரிபார்க்கச் சொன்னாள். பாஸ்போட்டுக்குக் கீழே அவளுடைய பிறப்புச் சான்று இருந்தது. சட்டம் மாறி நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தபோது, இங்கேதான் பிறந்தாய், இங்கேதான் இருந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவளிடம் கேட்டார்களாம். அவள் நீட்டியது அந்தத் தாளைத்தான். நான் கண்ணாடி போட்டு வாசித்தேன் அக்கா. பிறந்த இடம் என்ற கட்டத்தில் நம் தோட்டத்தின் பேர், அதற்குக் கீழே உங்கள் லயம், உங்கள் காம்பரா நம்பர். அதைக் காட்டித்தான் பாஸ்போட் எடுத்திருக்கிறாள். அந்தப் பாஸ்போட்டை வைத்துத்தான் கங்கைக்குப் போகிறாள். முங்கி எழுந்து, அதையே காட்டி, யாரும் தடுக்காமல் வீட்டுக்குத் திரும்பி வரப்போகிறாள்.